ஐஸ் கரைந்துவிடும்

என் மருமகனின் இடது கையில், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, அரை வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறது. நடுவில் ஒரு சின்ன இடைவெளி. யாராவது பார்த்துவிட்டு, "நாய் கடிச்சதா?" என்று கேட்டால், "ஆமாங்க, வீட்டு நாய்தான்" என்பார். நாயும் இல்லை, பூனையும் இல்லை. அவர் பெற்ற பெண். அப்போது அவளுக்கு ஆறு வயசு. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அதுதான் அந்த இடைவெளி.

கவ்வினவள் விடவே இல்லை. நான் இடுப்பைப் பிடித்து இழுக்கிறேன், என் மகள் தாடையை அமுக்குகிறாள், ரத்தம் அவள் மோவாயில் வழிந்து கவுனில் சொட்டுகிறது. அந்த மனுஷர் கையை உதறக்கூட இல்லை. வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர், ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை அவள் வாய்க்குள்ளுமாக நின்றார்.

"விடுங்க அத்தை. கடிக்கட்டும்."

"நல்லாயிருக்கு மாப்பிள்ளை! இன்னொரு கையையும் கொடுங்க, சோறு வடிக்கிற வேலை மிச்சம்!" என்று கத்தினேன். எனக்கு ஆத்திரம் வந்தால் வாயில் இப்படித்தான் வரும்.

அவளுடைய அண்ணன் செத்துப்போன அடுத்த வாரம் அது. ஏன் கடித்தாள் என்று எனக்கும் தெரியவில்லை, என் மகளுக்கும் தெரியவில்லை. அவருக்கு மட்டும் உள்ளுக்குள் ஏதோ பட்டிருக்கிறது.

இந்த மனிதரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தெருவில் எல்லோருக்கும் ஐஸ்காரர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மணியடித்து விற்கிறவர் இல்லை. ஐஸ் கம்பெனியில் பார் பாராக ஐஸ் எடுக்கிறவர். மீசை அரும்புகிற வயசில் உள்ளே போனவர்தான். பெரிய தொட்டி நிறைய ஐஸைவிடச் சில்லிட்ட உப்புத் தண்ணீர், அதற்குள் நீளமான தகரக் கேன்கள், கேனுக்குள் நல்ல தண்ணீர். உறைந்ததும் சங்கிலியில் மாட்டித் தூக்கி, சாதாத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்தால், ஆள் உயரத்துக்கு ஒரு பார் வழுக்கிக்கொண்டு வந்து விழும். கால் நடுவில் இருந்தால் கால் போய்விடும். அதைக் கொக்கியால் இழுத்து, தோளில் சாக்கைப் போட்டுச் சுமந்து, லாரியில் ஏற்ற வேண்டும். ஐஸ் உடைக்கிற மெஷின் ஒருநாள் இவருடைய வலது சுண்டுவிரல் நுனியைத் தின்றுவிட்டது. விழுந்த துண்டைத் தானே பொறுக்கி, ஐஸில் வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்து போனார். ஒட்டவில்லை. "விரல் கெட்டுப்போகாம நல்லாத்தான் இருந்துச்சு, டாக்டருக்குத்தான் ஒட்டத் தெரியலை" என்று வந்து சொன்னார். ஐஸ்மேல் அவ்வளவு நம்பிக்கை அவருக்கு.

கோபமும் உண்டு. கம்பெனியைக் கூட்டுகிற கிழவரை ஒரு லாரி டிரைவர் கன்னத்தில் அறைந்தான் என்பதற்காக, அந்த டிரைவரை இடுப்போடு தூக்கி உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிட்டார். டிரைவரின் கால் மரத்துப்போய், நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். பெண் கேட்டு வந்தபோது எனக்கு இந்தக் கதை காதுக்கு வந்துவிட்டது. "இந்த ஆளுக்குக் கொடுக்க மாட்டேன். கையும் சில்லு, கோபமும் கொதிப்பு, நடுவுல என் பொண்ணு வெடிச்சுப் போவா" என்றேன். என் பேச்சை யார் கேட்டார்கள்?

ஆனால் பிள்ளைகளை அவர் ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. வேலை முடிந்து வந்தால் கை ரெண்டும் பிணம் மாதிரிச் சில்லிட்டுக் கிடக்கும். அந்தக் கையோடு பிள்ளைகளைத் தொடக்கூடாது என்று அவருக்கு அவரே வைத்துக்கொண்ட சட்டம். வாசலில் உட்கார்ந்து, சூடான டீ டம்ளரை ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் ரெண்டும் எதிரே குந்திக்கொண்டு காத்திருக்கும். பெரியவன் ஒரு விரலால் அப்பா கையைத் தொட்டுப் பார்த்து, டாக்டர் மாதிரி, "இன்னும் இல்ல" என்பான். சின்னவளும் தொட்டு, "இன்னும் இய்ய" என்பாள். ஆச்சு என்று அவன் சொன்ன பிறகுதான் ரெண்டும் அவர் மடியில் விழும்.

பெரியவனுக்குக் காய்ச்சல் வந்தது. முதல்நாள் சாதாரணம்தான். மறுநாள் நெருப்பு. கண் சொருகிவிட்டது. அவர் கம்பெனிக்கு ஓடிப்போய், துண்டு நிறைய உடைத்த ஐஸைக் கட்டி எடுத்துவந்து, பிள்ளை நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். சின்னவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் ஏற்றும்போதும் அந்தத் துண்டு அவன் நெற்றியில்தான் இருந்தது. மூளைக்குள் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். விடிவதற்குள் முடிந்துவிட்டது.

என் மகன், அந்தப் பிள்ளைகளுக்குத் தாய்மாமன், ரொம்பத் தொலைவிலிருந்து வர வேண்டும். "தம்பி வராம எம்பிள்ளையைத் தூக்க விடமாட்டேன்" என்று என் மகள் பிடிவாதமாக இருந்தாள். வெயில் காலம். அதனால் ஐஸ் வேண்டும். யார் கொண்டுவருவார்கள்? அவர்தான் போனார். தொட்டியிலிருந்து கண்ணாடி மாதிரி இருக்கிற பார்களாகப் பார்த்துத் தானே எடுத்தார். கூட வேலை செய்கிறவர்கள் தூக்க வந்தபோது தொடவிடவில்லை. கூடத்தில் பெஞ்சைப் போட்டு, அதன்மேல் பார்களை அடுக்கி, இடுக்கில் மரத்தூளைத் தூவி, அதன்மேல் தன் பிள்ளையைத் தன் கையால் படுக்க வைத்தார்.

சின்னவள் கேட்டாள்: "அண்ணனுக்கு என்னாச்சுப்பா?"

"தூங்குறான்டா."

பெரியவர்கள் சொல்வது அதுதானே. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பச்சைப்பிள்ளையிடம் செத்துப்போனான் என்று எந்த வாய் சொல்லும்?

சாயங்காலம் வீடு முழுக்க ஆட்கள். அந்தக் கூட்டத்துக்குள் அவள் அடுப்படிக்குப் போய், டீ போடக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை ஒரு டம்ளரில் மொண்டு, கவுன் முனையால் பிடித்துக்கொண்டு, சிந்திச் சிந்திக் கொண்டுவந்து, அண்ணன் காலடியில் ஐஸ்மேல் ஊற்றினாள். ஐஸ் சடசடவென்று விரிசல் விட்டது. காலமெல்லாம் ஐஸோடு கிடந்த மனுஷன் இல்லையா, கை தானாகப் போய்விட்டது. அவள் கையை வெடுக்கென்று பிடித்து இழுத்து, "ஊத்தாதே! ஐஸ் கரைஞ்சிடும்!" என்று கத்திவிட்டார். டம்ளர் பறந்துபோய்ச் சுவரில் மோதியது.

அவள் அழவில்லை. அவரை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். துக்க வீட்டில் அதையெல்லாம் யார் கவனிக்கிறார்கள்? மறுநாள் மாமன் வந்தான். தூக்கினோம். பெஞ்சைக் கழுவிக் கவிழ்த்தோம்.

அதற்குப் பிறகுதான் வீடு யுத்தகளம் ஆனது.

கடித்த கதை சொன்னேன். அப்புறம் குளிர்சாதனப் பெட்டி. கடன் வாங்காமல் சேர்த்துச் சேர்த்து வாங்கியது. எல்லோரும் வெளியே இருந்த நேரம் சுத்தியலை எடுத்துக் கதவு, உள்தட்டு, முட்டை என்று ஒன்று விடாமல் நொறுக்கிவிட்டாள். முட்டை வழிய நடுவில் நின்றுகொண்டு, என்னைப் பார்த்துச் சுத்தியலை ஓங்கினாள். "அடிடி, வா, பாட்டி மண்டை கல்லு, சுத்தியல்தான் உடையும்" என்றேன். வாய் அப்படிச் சொன்னது. கால் பின்னால் போய்விட்டது. பிறகு பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் குச்சி ஐஸ் சப்பிக்கொண்டிருந்தானாம். அவன் வாயிலிருந்து பிடுங்கியெறிந்து, அவனைக் கீழே தள்ளி, நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, வாயிலேயே குத்தியிருக்கிறாள். உதடு கிழிந்துவிட்டது. டீச்சர் கூப்பிட்டு, "இனிமே அனுப்பாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டார்.

அப்பா வீட்டுக்குள் நுழைந்தால் கையில் கிடைத்தது பறக்கும். செருப்பு, தட்டு, ஒருநாள் அரிவாள்மனை. அவர் வாசலில் டீ டம்ளரோடு உட்காருவதையே விட்டுவிட்டார். பின்பக்கமாக வந்து, பின்பக்கமாகப் போனார். என் மகளோ பேச்சே இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அடிக்கிற ஒன்று, அடி வாங்குகிற ஒன்று, கல்லாக ஒன்று. நடுவில் நான் ஒருத்தி சோறாக்கிக்கொண்டு.

என் மகன் போனில் முடிவு சொன்னான். "அவ மச்சான் கண்ணுல படாம இருந்தாத்தான் சரியாவா. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன். எங்கூடவே வளரட்டும்." நானும் சரி என்றேன். மருமகன் தலையை மட்டும் ஆட்டினார். ஒரு பிள்ளை மண்ணுக்குப் போச்சு, இன்னொன்று மாமன் வீட்டுக்குப் போகப்போகிறது. அவருக்கு மிஞ்சப்போவது என்ன?

அதற்கு நடுவில் மாடி வீட்டுக்காரி தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். குழந்தைக்கு லேசாக உடம்பு சுட்டது. என் மகள் சுவரைவிட்டு எழுந்து, துணியை ஈரமாக்கிக் குழந்தையின் நெற்றியில் போட்டாள். துணி பட்டதுதான் தாமதம், சின்னவள் மர முக்காலியைத் தூக்கி, கீழே உட்கார்ந்திருந்த மாடி வீட்டுக்காரியின் மண்டையில் போட்டாள். புருவம் பிளந்தது. குழந்தைமேல் ரத்தம். திரும்ப ஓங்குகிறாள். நான் முக்காலியைப் பிடித்தேன், என் கையையும் கடித்தாள்.

"நெத்தியில வைக்காதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். "முதல்ல நெத்தியில வைப்பாங்க! அப்புறம் உடம்பெல்லாம் வைப்பாங்க! அப்படித்தான் அப்பா அண்ணனைக் கொன்னாரு! தூங்கிட்டிருந்தவனை ஐஸ்ல போட்டுக் கொன்னாரு! சுடுதண்ணி ஊத்தினேன், புடுங்கிட்டாரு!"

பின்கதவில் அவர் நின்றுகொண்டிருந்தார். திருடிய இடத்திலேயே பிடிபட்டவன் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

மாடி வீட்டுக்காரிக்குத் தையல் போட அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். அவள் நல்ல மனுஷி. "தலைக்குள்ள ஏதாவது இருந்தாத்தானே சேதமாகும்" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார் அவர்.

"அத்தை, நானும் அதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். நான் வச்ச ஐஸ்தான் அவனை முடிச்சுட்டுதோன்னு. அதான் அவ கடிச்சப்போ கையை எடுக்கலை."

"சீ, வாயைக் கழுவுங்க."

"இப்பத்தான், அன்னைக்கு அவனைப் பாத்துக்கிட்ட வார்டு நர்ஸைப் பிடிச்சுக் கேட்டேன். ஐஸ் ஒண்ணும் பண்ணலையாம். கிருமிதான். ஒருதடவைக்கு மூணுதடவை கேட்டுட்டேன், திட்டவே திட்டினாங்க. அப்புறம் அவங்க ஒண்ணு கேட்டாங்க. பொண்ணுகிட்ட செத்துட்டான்ங்கிற வார்த்தையைச் சொன்னீங்களான்னு. இல்லைன்னேன். மொதல்ல போய் அதைச் சொல்லுங்கன்னாங்க."

போய்ச் சொன்னார். எட்ட நின்றுதான் சொன்னார். "குட்டி, அண்ணன் தூங்கலைம்மா. ஆஸ்பத்திரியிலேயே செத்துட்டான். அதுக்கப்புறம்தான் ஐஸ்ல வச்சேன்."

"பொய்!" பேச ஆரம்பித்த நாளிலிருந்து நீங்க என்று கூப்பிட்டவள், "நீ பொய் சொல்றே! தூங்குறான்னு நீதான் சொன்னே!" என்றாள். பக்கத்திலிருந்த செம்பு வந்து அவர் நெற்றியில் விழுந்தது.

அவர் வார்த்தையே செல்லாக்காசாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. என் மகன் காலையிலேயே வந்துவிட்டான். அவளுடைய துணிமணி எல்லாம் ஒரு பையில். மாமன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாடா செல்லம், பஸ் போயிடும்" என்கிறான். அவரைக் காணோம். பிள்ளை போவதைப் பார்க்க முடியாமல் எங்கேயோ போய்விட்டார் என்று நினைத்தேன். அப்போது வாசலில் மூன்று சக்கர வண்டி வந்து நின்றது. சாக்குக்குள் ஒரு பார் ஐஸ்.

யாரையும் அவர் பார்க்கவில்லை. கவிழ்த்து வைத்திருந்த அந்தப் பெஞ்சை நிமிர்த்தினார். அதே கூடம், அதே இடம். கொக்கியால் பாரை இழுத்து ஏற்றினார். சட்டையைக் கழற்றினார்.

"மாப்பிள்ளை, பைத்தியமா உங்களுக்கு?"

"சும்மா இருங்க அத்தை."

சின்னவள் மூலையில் பதுங்கிய பூனை மாதிரிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவர் வெறும் முதுகோடு ஐஸ்மேல் மல்லாந்து படுத்தார். பிள்ளை படுத்திருந்த மாதிரியே கையைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். என் மகள் அவ்வளவு நாள் கழித்து வாயைத் திறந்தாள். "ஐயோ" என்று ஒரு சத்தம்.

உடம்பு உதற ஆரம்பித்தது. பெஞ்சு கால் தரையில் தடதடவென்று ஆடியது. பல் அடித்துக்கொண்டது. உதடு நீலம் பாரித்தது. என் மகன் ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தான். படுத்தபடியே அவன் நெஞ்சில் ஒரு உதை விட்டார், அவன் பையோடு போய்க் கதவில் விழுந்தான்.

சின்னவள் அடுப்படிக்கு ஓடினாள். சோற்றுக்கு நான் அடுப்பில் வைத்திருந்த வெந்நீரை ஏனத்தோடு தூக்கி வந்தாள். நான் தடுக்கப் போனேன்.

"விடுங்க!" என்று கத்தினார் அவர், கண்ணைத் திறக்காமலே. "ஊத்துடா குட்டி. ஊத்து. ஐஸ் கரையட்டும்!"

ஊற்றினாள். பாதி ஐஸ்மேல், பாதி அவர் தோள்மேல். ஐஸ் துப்பாக்கி மாதிரி வெடித்தது. அவர் அலறிக்கொண்டு துள்ளி எழுந்து, தரையில் முட்டி போட்டு விழுந்தார். முதுகு முழுக்கச் சிவப்பு, தோளில் வெந்த கொப்புளம்.

"பாத்தியா? எந்திரிச்சிட்டேனா?" பல் தட்டத் தட்டத் துண்டு துண்டாகத்தான் வந்தது பேச்சு. "உயிர் இருந்தா உதறும். வலிச்சா எந்திரிக்கும். உயிரோட இருக்கிறவன் இதுல படுத்துக்கிட்டு இருக்க மாட்டான்மா. அண்ணன் உதறினானா? நீ பாத்தியே, நீ கிட்டவே நின்னியே. உதறினானா?"

அவள் ஐஸ் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல."

"ஏன்னா அவன் முன்னாடியே செத்துட்டான்."

"தூங்குறான்னு சொன்னீங்களே?" நீங்க வந்துவிட்டது, கவனித்தீர்களா? நான் கவனித்தேன்.

"பொய் சொன்னேன்."

"ஏன்?"

"செத்துட்டான்னு சொல்ல எனக்குப் பயமா இருந்துச்சு."

அவள் அவர்மேல் பாய்ந்தாள். மறுபடி கடிக்கப்போகிறாள் என்று ஓடினேன். கடிக்கவில்லை. ரெண்டு கையாலும் அவர் நெஞ்சில், முகத்தில், மூக்கில் குத்தினாள். "ஏன் சொல்லலை! ஏன் சொல்லலை!" மூக்கில் ரத்தம் வந்தது. அவர் துடைக்கவில்லை. குத்திக் குத்தி ஓய்ந்து, பிறகு கொக்கியை எடுத்து ஐஸை அடித்தாள். சின்னக் கை, கொக்கி வழுக்கியது. அவர் சுத்தியலை எடுத்தார். அப்பாவும் மகளுமாக அந்தப் பாரைப் போட்டு அடித்தார்கள். சில்லு பறந்து என் கன்னத்தைக் கீறியது. அப்போது என் மகள் எழுந்தாள். அவர் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கினாள். முதல் அடியில் பார் ரெண்டாகப் பிளந்தது. ரெண்டாவது அடி பெஞ்சுக்கு. பெற்ற வயிறு அடித்த அடியில் பெஞ்சு கால் முறிந்து, ஐஸ் மொத்தமும் தரையில் சரிந்தது. "எம்பிள்ளை செத்துட்டான்! எம்பிள்ளை செத்துட்டான்!" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். அந்த வார்த்தையை அவளும் அன்றுதான் முதல்தடவையாகச் சொன்னாள்.

சின்னவள் அம்மா வாயையே பார்த்தாள். பிறகு அவளும் சொன்னாள்: "அண்ணன் செத்துட்டான்." சொல்லிவிட்டு ஐஸ் தண்ணீருக்குள் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அவன் போனதிலிருந்து அவள் அழுத முதல் அழுகை. மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் கிடந்து அழுதார்கள். ரத்தமும் தண்ணீருமாக வீடு மிதந்தது. துடைப்பத்தைத் தேடியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் மகன் கதவோரம் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பையின் அடிப்பக்கம் நனைந்து சொட்டியது. சின்னவள் தேம்பிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, பையை மேல வைங்க. என் துணியெல்லாம் நனையுது."

அவன் என்னைப் பார்த்தான். "வைடா" என்றேன். வைத்தான். தனியாகத்தான் பஸ் ஏறினான், நெஞ்சைத் தடவிக்கொண்டு.

ஐஸில் படுத்துத்தான் காட்ட வேண்டும் என்று இல்லை. பத்துத்தடவை பொறுமையாகச் சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருப்பாள் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். "நீங்க சொல்லியிருக்கலாமே அத்தை" என்பார் அவர். நான் எழுந்து வேறு வேலை பார்ப்பேன்.

அவள் ஒரேயடியாக அடங்கிவிடவும் இல்லை. கண்டதையும் கேட்டாள். மண்ணுக்குள்ள அண்ணன் கண்ணு என்ன ஆகும், எனக்குக் காய்ச்சல் வந்தா நானும் சாவேனா, நான் அவன் பென்சிலை ஒளிச்சு வச்சதால செத்தானா. அவர் ஒன்றுக்கும் மழுப்பவில்லை. "கண்ணு மண்ணோட மண்ணாயிடும்மா." "எல்லாக் காய்ச்சலும் கொல்லாது." "பென்சிலுக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்லை." நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் சாயங்காலம், தோளில் கட்டோடு அவர் வேலையிலிருந்து முன்வாசல் வழியாகவே வந்தார். உட்கார்ந்தார். டீ டம்ளரை உள்ளங்கையில் உருட்டினார். எதிரே ஒருத்திதான் வந்து குந்தினாள். பக்கத்து இடம் சும்மா கிடந்தது; ரெண்டு பேரும் அதை ஒருதடவை பார்த்தார்கள். அவர் கையை நீட்டினார். அவள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பளாரென்று அந்தக் கைமேல் ஒரு அடி வைத்தாள்.

"இன்னும் இல்ல."

அவர் மறுபடி டம்ளரைப் பிடித்துக்கொண்டார்.